பெரியவர்களும் இரத்தக் கொதிப்பும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் மரபு. அதற்குரிய புலமை நமக்கில்லை. பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தர் வேலைக்கு வந்து, இருபதாண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடு காலந் தள்ளி வருகிறோம். மருத்துவமும் நம் துறையன்று. ஆயினும், இக்காலனியில் வீட்டுக்கு வீடு இருக்கின்ற ஒரு கவலையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். அந்தக் கவலை நம் வீட்டிலும் உண்டு, ஆகவே ஒப்புக்கொண்டோம்.

கவலை இதுதான். நாம் இங்கே நாகபுரியில். நம் தந்தையர் ஊரில். இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை தோறும் தொலைபேசியில் நலம் விசாரிக்கிறோம். "எனக்கென்னப்பா, நல்லா இருக்கேன்" என்கிறார் அப்பா. பிறகு தொலைபேசி அம்மாவின் கைக்கு மாறுகிறது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் பி.பி. பார்த்தார்கள், நூற்றெண்பது என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள், அதை வாங்கி அலமாரியில் வைத்தவர் தொடவே இல்லை என்கிறார். உடனே நாம் அப்பாவைக் கூப்பிட்டுக் கடிந்து பேசுகிறோம். "உயிருக்கே ஆபத்து" என்று அச்சுறுத்துகிறோம். அவர் சிரிக்கிறார், அல்லது பேச்சை மழைக்கு மாற்றுகிறார். தொலைபேசியை வைத்துவிட்டு, "ஊரில் இருப்பவர், இதெல்லாம் அவருக்கு எங்கே தெரியப் போகிறது?" என்று நாம் நமக்குள் முடிவு கட்டிவிடுகிறோம்.

அந்த முடிவு சரியன்று என்பதே இன்று நாம் சொல்ல வந்தது. நோயைப் பற்றி அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அது முழுமையான கணக்கு. எந்தக் குறி கண்டால் எது காரணம், எதற்கு எது மருந்து, எப்போது அஞ்ச வேண்டும், எப்போது வேண்டியதில்லை என்பதெல்லாம் அதில் உண்டு. இரத்த அழுத்தம் என்னும் இந்த ஒரு நோய்க்கு மட்டும் அந்தக் கணக்கில் பத்தி இல்லை. அந்தக் கணக்கு இன்னதென்று அறியாமல் நாம் பேசும் பேச்செல்லாம் காற்றோடு போகிறது.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் ஏறுகின்ற அழுத்தம் மேல் எண். இதயம் விரிந்து ஓய்வு கொள்ளும்போது எஞ்சி நிற்கும் அழுத்தம் கீழ் எண். பாதரசம் எத்தனை மில்லிமீட்டர் உயர்கிறது என்பதைக் கொண்டு இரண்டையும் எழுதுகிறார்கள். 1896-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி கைப்பட்டை வைத்து அளக்கும் கருவியைத் தந்தார். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் காதில் குழாய் வைத்து ஒலி கேட்டு இரண்டு எண்களையும் அறியும் முறையைச் சொன்னார். 120-க்கு 80 என்பது நல்ல அளவு. வெவ்வேறு நாள்களில் பார்த்தும் 140-க்கு 90 அல்லது அதற்குமேல் நின்றால் அதுவே உயர் இரத்த அழுத்தம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு 24 பேர் அழுத்தம் உயர்ந்தவர்கள் அல்லது அதற்கு மருந்து உண்பவர்கள். பெண்களில் 21 பேர். உலகெங்கும் இந்நோய் உடையவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமக்கு நோயிருப்பதையே அறியார் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்தப் பாதிப்பேருள் நம் தந்தையரைப் போன்றவர் பலர் என்பதில் வியப்பில்லை. பெண்களுக்குக் கருவுற்ற காலத்திலேனும் கையில் பட்டை கட்டிப் பார்த்துவிடுகிறார்கள். ஆண்மகனோ மரத்திலிருந்து விழுந்தால்தான் ஆஸ்பத்திரியின் படியேறுகிறான்.

இனி அவருடைய கணக்குக்கு வருவோம். நம் மக்கள் இந்நோய்க்கு இட்ட பெயர் இரத்தக் கொதிப்பு. அழகான சொல்தான், ஆனால் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது என்பது நம் கருத்து. கொதிப்பு என்றால் சூடு. சூடு என்றால் கோபம்; கொதிப்பது என்றால் உலையில் இட்ட நீர் போலப் பொங்குவது. ஆகவே கொதிப்புள்ளவன் என்றால் எடுத்ததற்கெல்லாம் சினந்து விழுபவன் என்று ஊரில் பொருள் கொள்கிறார்கள். "பிரஷர் ஏத்தாதே" என்று நாமே பிள்ளைகளைக் கடிந்துகொள்ளவில்லையா?

சென்ற குளிர்காலத்தில் ஆரணிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இக்காலனியிலுள்ள மகன் வீட்டுக்கு வந்து சில வாரங்கள் தங்கியிருந்தார். அறுபத்தெட்டு வயது. மணிலாப் பயிர் செய்பவர். இரண்டு கறவை மாடுகள் வைத்திருப்பவர். அவரிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தபோது அவர் கேட்ட கேள்வி இன்றும் நம் நினைவில் இருக்கிறது. "ஊர்ப் பஞ்சாயத்திலே ரெண்டு பக்கமும் கத்தும்போது வாய் திறக்காம உட்கார்ந்திருக்கிறவன் நான். எனக்கா கொதிப்பு?" என்றார். அவர் தொடுத்த வழக்கில் குற்றமே இல்லை. கொதிப்பு என்பது கோபமென்றால், சாந்தமானவருக்கு எப்படி வரும்? மேலும், சூட்டுக்கு மருந்து குளிர்ச்சி. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார். காலையில் ஊறவைத்த வெந்தயம் உண்கிறார். வெயிலில் அலைந்து வந்தால் மோரும் இளநீரும் குடிக்கிறார். கொதிப்பைத் தணிக்க இதற்குமேல் என்ன வேண்டும்?

உண்மையில் இரத்தம் கொதிப்பதுமில்லை, சூடேறுவதுமில்லை. குழாயில் அழுத்தம் கூடுகிறது, அவ்வளவே. இதைக் கிணற்று மோட்டாரைக் காட்டிச் சொன்னால் அவர்களுக்கு நொடியில் விளங்குகிறது. மோட்டார் ஓடும்போது குழாயின் வாயை அடைத்தால் இணைப்பு பிய்த்துக்கொள்ளும் என்பதை அவர்கள் நம்மைவிட நன்கு அறிவார்கள். அப்போது தண்ணீர் குளிர்ந்துதான் இருக்கிறது.

சொல்லின் தொல்லையைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. இந்நோய் பெரும்பாலும் எந்தக் குறியும் காட்டுவதில்லை. காட்டினாலும், அந்தக் குறிகளுக்கெல்லாம் ஊரில் ஏற்கெனவே உரிமையாளர் இருக்கிறார்கள். எழுந்து நிற்கையில் தலை கிறுகிறுத்தால் அது பித்தம். இஞ்சியும் எலுமிச்சையும் போதும். தலை வலித்தால் சூடு. படி ஏறினால் மூச்சு வாங்குகிறதென்றால் வயது. மார்பில் அடைத்தால் வாயு. ஓமமும் சோடாவும் இருக்கின்றன. ஒரு நாள் விடியற்காலையில் ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து வாய் கோணிப் போனால் அது வாதம். காற்று அடித்துவிட்டது என்பாரும் உண்டு. வாதம், பித்தம், சூடு, வாயு, வயது என்று எல்லாம் பங்கிட்டு முடிந்தபின் இரத்த அழுத்தத்துக்கு மிச்சம் ஒன்றுமே இல்லை. ஒரு தெருவில் பக்கவாதத்தில் படுத்தவர்கள் மூவர் இருப்பார்கள். அம்மூவரும் மாத்திரையை நிறுத்தியவர்களாகவே இருக்கலாம். ஆயினும், அந்தப் படுக்கையையும் அலமாரியிலிருந்த மாத்திரையையும் எவரும் ஒரே கயிற்றில் கோத்துப் பார்ப்பதில்லை. இதைத்தான் நாம் எல்லாவற்றினும் பெரிய இழப்பாகக் கருதுகிறோம். கண்ணெதிரே சான்று கிடக்கிறது. அதற்கு வேறு பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது.

பெயர் மாறியதால் மருத்துவமும் மாறிவிடுகிறது. மூளைக்குச் செல்லும் குழாயில் அடைப்பு ஏற்பட்டு வரும் பக்கவாதத்துக்கு, நாலரை மணி நேரத்துக்குள் தக்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றால் அடைப்பைக் கரைக்கும் ஊசி போட வழியுண்டு. எல்லார்க்கும் அது பொருந்தாது. பொருந்துமா என்று பார்ப்பதற்கேனும் நேரம் வேண்டும். வாதமென்று எண்ணி எண்ணெய் காய்ச்சித் தேய்ப்பதிலும், புறா இரத்தம் தேடி ஆள் அனுப்புவதிலும் அந்த நாலரை மணி நேரம் போய்விடுகிறது.

"உடம்பு நன்றாக இருக்கிறதே, பிறகென்ன?" என்பதே பெரியவர்களின் வாதங்களுள் வலுவானது. அவர்கள் உடம்பை உழைப்பைக் கொண்டு அளக்கிறார்கள். ஏர் பிடிக்க முடிகிறதா, மூட்டை தூக்க முடிகிறதா, உண்டது செரிக்கிறதா, படுத்தால் உறக்கம் வருகிறதா? எல்லாம் ஆம் என்றால் நோய் இல்லை. இதற்கு நம் இரயில்வேயில் மறுமொழி இருக்கிறது. வண்டி தடையின்றி ஓடுகிறது என்பதனால் தண்டவாளம் நன்றாக இருக்கிறதென்று எந்தப் பொறியாளரும் எழுதிக் கொடுப்பதில்லை. தண்டவாளத்தின் உள்ளே இருக்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. வண்டியில் அமர்ந்திருப்பவருக்கும் தெரியாது. ஆகவேதான் ஒலி அலையைச் செலுத்தி முறைப்படி சோதிக்கும் கருவியைத் தள்ளிக்கொண்டு வெயிலில் ஆட்கள் நடக்கிறார்கள். இக்காலனியில் இருப்பவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. ஓட்டுநர் பணியில் இருப்பவர்களைக் குறித்த காலந்தோறும் மருத்துவச் சோதனைக்கு அனுப்புவதும் இதே காரணத்தால்தான். உடம்பு நன்றாக இருப்பதாக அவர்கள் சொல்வதை யாரும் மறுப்பதில்லை, சோதனையும் நிற்பதில்லை.

வயதானால் அழுத்தம் ஏறத்தான் செய்யும், அது இயற்கை என்று சொல்லும் பெரியவரைப் பார்த்து நகைக்க நமக்கு உரிமையில்லை. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் உலகப் புகழ் பெற்ற மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள். வயதோடு நூறைக் கூட்டினால் வரும் எண்ணே அந்த வயதுக்குரிய மேல் அளவு என்று ஒரு வாய்பாடு வழங்கி வந்தது. குழாய்கள் தடித்துவிட்டபின் இரத்தத்தைச் செலுத்த அழுத்தம் ஏறியாக வேண்டும், அதைக் குறைக்க முயல்வதே ஆபத்து என்று கருதியவர்களும் இருந்தார்கள். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கு 1944-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 186-க்கு 108 என்று இருந்தது. அவர் வயதுக்கு அவர் நலமாகவே இருப்பதாகப் பொதுமக்களுக்குச் சொல்லப்பட்டது. 1945 ஏப்ரல் 12-ஆம் தேதி, பின்தலையில் கடுமையாக வலிக்கிறது என்று சொல்லி மயங்கி விழுந்து, மூளையில் இரத்தக் குழாய் வெடித்து, சில மணி நேரத்தில் மாண்டார். வயது 63. அந்நேரத்தில் அளவு 300-ஐ எட்டியிருந்தது. ஒரு வல்லரசின் தலைவருக்கே அன்று கொடுக்க நல்ல மருந்து இல்லை. இன்று கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைவிட நல்ல மாத்திரையை விலையின்றித் தருகிறார்கள்.

"இங்கிலீஷ் மருந்து வேண்டாம், நாட்டு மருந்து போதும்" என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்நோய்க்கு உலகம் கையாண்ட முதல் நல்ல மருந்துகளுள் ஒன்று நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேர்தான். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதைப் பற்றி ஆங்கில மருத்துவ ஏட்டில் எழுதிய பிறகே மேல்நாட்டார் விழித்துக்கொண்டார்கள்; 1952-இல் சுவிட்சர்லாந்தில் அதன் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். மனச்சோர்வு போன்ற தொல்லைகள் கண்டதாலும், அதனினும் நல்ல மருந்துகள் வந்ததாலும் இப்போது அதை அருகியே கொடுக்கிறார்கள். வேரைத் தாமே இடித்து உண்பது கூடாது. நம்முடைய மருந்தை யாரும் இகழ்ந்து ஒதுக்கவில்லை என்பதைத் தெரிவிக்கவே இதைச் சொன்னோம்.

மாத்திரையை அவர்கள் ஏன் நிறுத்துகிறார்கள்? நம் நாட்டு வைத்தியத்தில் மருந்துக்கு ஒரு கால எல்லை உண்டு. ஒரு மண்டலம் உண், பத்தியம் இரு, பிறகு நிறுத்து. நாற்பத்தெட்டாம் நாள் நோய் தீர்ந்ததா இல்லையா என்று கணக்குப் பார்க்கலாம். பி.பி. மாத்திரைக்கு அந்த எல்லை இல்லை. "எத்தனை நாளைக்கு?" என்று பெரியவர் கேட்கிறார். "ஆயுள் முழுதும்" என்கிறார் டாக்டர். அது மருந்துச் சீட்டைப் போலவா ஒலிக்கிறது? நீதிமன்றத் தீர்ப்பைப் போல ஒலிக்கிறது. ஆகவே ஒரு மண்டலம் உண்டு, அளவு இறங்கியதும் குணமாகிவிட்டதென்று நிறுத்திவிடுகிறார். மாத்திரை அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் முட்டுக்கட்டை. சாய்ந்த மரம் நேராக நிற்கிறதே என்று முட்டை எடுத்துவிட்டால் என்னவாகும் என்று கேட்டால் அவர்களுக்குப் புரியாமற் போகாது.

வேறு காரணங்களும் உண்டு. அவற்றை அவர்கள் வெளியே சொல்வதில்லை. சிலவகை மாத்திரை சிறுநீரை மிகுதியாகப் பிரிக்கும். பேருந்தில் திருவண்ணாமலைக்குப் போக வேண்டிய நாளில் அதை எப்படி உண்பது? வேறொரு வகை சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். "மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிட்டது, நீர் கோத்துவிட்டது" என்று திண்ணையில் பேச்சு பரவுகிறது. சிறுநீரகத்தைக் கெடுப்பது மாத்திரையன்று, கட்டுக்கடங்காத அழுத்தமே. ஆனால் வீக்கம் உண்மை, அவர் பொய் சொல்லவில்லை. "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று நாம் மறுத்தால் அடுத்த முறை நம்மிடம் சொல்லவே மாட்டார். டாக்டரிடம் சொன்னால் மருந்தையோ அளவையோ மாற்றித் தருவார். முதியவர்கள் சட்டென்று எழுந்து நிற்கையில் தலைசுற்றல் வருவதும் சில வேளை மருந்தால் நேர்வதே; அதையும் சொல்ல வேண்டும். மாத்திரை ஆண்மையைக் குறைக்கும் என்ற அச்சமும் உண்டு. இதை மகனிடம் எந்தத் தந்தையும் சொல்லார். மருமகளிடம் சொல்வது எப்படி? அவர் வயதுத் தோழர் ஒருவரோ ஆண் மருத்துவரோ கேட்டால்தான் வெளிவரும்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். நம்மவர்க்கு உப்பு வெறும் சுவையன்று. அது நன்றியும் ஆகும். உப்பைக் குறை என்று மருமகள் சொன்னால், சோறு போட மனமில்லை என்று மாமனார் எடுத்துக்கொண்ட வீடுகளை நாம் அறிவோம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்கும் குறைவு. அதாவது, எல்லாப் பண்டங்களுக்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டியளவு கூட இல்லை. நம் வீடுகளில் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், பழைய சோற்றில் அள்ளிப் போடும் கல்லுப்பு என்று கணக்குப் பார்த்தால் மதியத்துக்குள் அந்த அளவு தாண்டிவிடும். "வெயிலில் உழைக்கிறவனுக்கு உப்பு வேண்டும், வேர்வையில் போய்விடுகிறதே" என்பார்கள். நாளெல்லாம் ஏர் உழுத காலத்தில் அதில் ஓரளவு உண்மை இருந்தது. அறுபதைக் கடந்து ஏரை விட்டுத் திண்ணையில் அமர்ந்த பிறகும் கையளவு மாறவில்லை என்பதுதான் குறை. இங்கே பெண்மக்களுக்கு ஓர் யோசனை சொல்ல விரும்புகிறோம். உப்பைக் குறைப்பதைக் கட்டுப்பாடு என்று சொல்லாதீர்கள், பத்தியம் என்று சொல்லுங்கள். பத்தியமில்லாத மருந்தைப் பெரியவர்கள் மதிப்பதில்லை. பத்தியம் என்றால் ஏற்றுக்கொள்வார்கள். அதில் ஒரு பெருமையும் உண்டு. ஆரணிப் பெரியவரிடம் இது பலித்தது. ஊறுகாயை மட்டும் அவர் விடவில்லை.

இனி, நாம் சொல்ல வந்தவற்றுள் தலையாயது. "உயிருக்கு ஆபத்து" என்று தொலைபேசியில் நாம் அச்சுறுத்துகிறோமே, அதைக் கேட்டு அவர் ஏன் அசைவதில்லை? ஏனென்றால் அவர் சாவுக்கு அஞ்சவில்லை. எழுபதை நெருங்கியவர், பெற்றோரையும் தமையனையும் மண்ணில் வைத்தவர், "வந்தா வரட்டும்பா" என்று சொல்வது வெறும் வாய்ப்பேச்சன்று. மாரடைப்பில் திடீரென்று போனவரைப் பற்றி ஊரில் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா? "புண்ணியவான், யாருக்கும் தொல்லை கொடுக்காமல் போய்விட்டார்" என்கிறார்கள். நடமாடிக்கொண்டிருக்கும்போதே போய்விட வேண்டும் என்பதே நம் பெரியவர்கள் ஒவ்வொருவரும் கோயிலில் நின்று வேண்டுவது. அவர்கள் அஞ்சுவது படுக்கைக்கு. பிறர் தூக்கி உட்கார வைக்கும் நிலைக்கு. தம் வேட்டியை மருமகள் துவைக்கும் நாளுக்கு.

உயர் இரத்த அழுத்தம் செய்வது அதையே. அது எல்லாரையும் ரூஸ்வெல்ட்டைப் போல ஒரு பகலில் முடித்துவிடுவதில்லை. பலரைப் பாதியில் விட்டுவிடுகிறது. ஒரு கை, ஒரு கால், பேச்சு, சிறுநீரை அடக்கும் திறன் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு உயிரை மட்டும் ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்கிறது. ஆகவே தந்தையாரிடம் பேசும்போது சாவைச் சொல்லாதீர்கள். "அப்பா, இந்த மாத்திரை நீங்கள் நூறு வயது இருப்பதற்காக இல்லை; இருக்கும் வரை உங்கள் காலில் நிற்பதற்காக" என்று சொல்லுங்கள். இது அவரை ஏய்க்கும் பேச்சன்று. ஆராய்ச்சி சொல்லும் உண்மை. அமெரிக்காவில் 60 வயதுக்கு மேற்பட்ட 4,736 பேரை வைத்து நடத்தி 1991-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து உண்டவர்களுக்குப் பக்கவாதம் நூற்றுக்கு 36 பங்கு குறைந்தது. "இந்த வயதில் இனி என்ன?" என்பாருக்கு 2008-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு விடை சொல்கிறது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லாரும் எண்பதும் அதற்கு மேலும் ஆனவர்கள். அவர்களுள்ளும் மருந்து உண்டவர்கள் நலமடைந்தார்கள், இறப்பும் குறைந்தது.

சொல்லும் சொல்லைப் போலவே சொல்லும் ஆளும் முக்கியம். மகன் சொல்லித் தந்தை கேட்பது நம் வீடுகளில் அருமை. தொலைபேசியில் சொன்னால் இன்னும் அருமை. ஆரணிப் பெரியவரை மாற்றியது மகனும் அல்லர், நாமும் அல்லோம். அவருடைய கணக்கு நோட்டுப் புத்தகம். பால் ஊற்றும் கணக்கை நாள் தவறாமல் தம் கையால் எழுதி வருபவர் அவர். பேத்தி காலையும் மாலையும் கருவியில் பார்த்துச் சொல்ல, அதே நோட்டின் பின்பக்கத்தில் அவரே எண்களை எழுதினார். பக்கத்தில், அன்றைக்கு உடம்பு எப்படி இருந்தது என்று ஒரு சொல். இரண்டு வாரத்தில் நோட்டு அவருக்கு ஒன்றைக் காட்டியது. "நல்லாயிருக்கு" என்று எழுதிய நாளிலும் 168. "அசதி" என்று எழுதிய நாளிலும் 164. தம் உடம்பு தமக்குச் சொல்லவில்லை என்பதை அவரே கண்டார். மூன்று நாள் ஒன்றும் பேசவில்லை. நான்காம் நாள், "டாக்டர் எந்த நேரத்திலே இருப்பார்?" என்று மகனைக் கேட்டாராம். இப்போது ஊரில் மாத்திரை உண்டு வருகிறார். பேருந்தில் செல்லும் நாளில் மட்டும் விட்டுவிடுகிறார் என்று கேள்வி. அதற்கும் டாக்டரைக் கேட்டு ஒரு வழி காணச் சொல்லியிருக்கிறோம்.

கருவி ஒரு முறை ஓர் எண்ணும் மறுமுறை வேறோர் எண்ணும் காட்டினால், "மெஷினே பொய்" என்று பெரியவர்கள் தள்ளிவிடுவார்கள். அழுத்தம் நேரத்துக்கு நேரம் மாறுவதே இயல்பு. ஆகவே பார்க்கும் முறையில் ஒழுங்கு வேண்டும். காப்பியோ பீடியோ குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் தரையில் படிய, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும். கை நெஞ்சின் மட்டத்தில் இருக்க வேண்டும். சட்டைக் கைக்கு மேல் பட்டை கட்டக் கூடாது.

தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப் பெற்ற "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின்படி, பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். அவர்கள் வரும் பகற்பொழுதில் ஆண்கள் கழனியில் இருப்பதுண்டு. அப்போது அம்மாவுக்கு மட்டும் பார்த்துவிட்டுச் செல்ல நேரும். எந்தக் கிழமையில் வருகிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று காலையில் அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். நோயைப் பற்றிப் பேச வேண்டாம். அவரை வீட்டில் இருத்தி வைத்தால் போதும்.

இந்தச் சங்கத்திலும் செயற்குழு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. பி.பி. பார்க்கும் கருவி ஒன்று வாங்கி நூலக அறையில் வைத்திருக்கிறார்கள். ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் 12 மணி வரை, ஊரிலிருந்து வந்து தங்கும் பெரியவர்களும் காலனியில் உள்ளவர்களும் வந்து பார்த்துக்கொள்ளலாம். அளவு எழுதிக்கொள்ளச் சிறு நோட்டும் தருவார்கள்; பேனா நீங்கள் கொண்டு வர வேண்டும், சென்ற மாதம் வைத்த மூன்று பேனாக்களும் காணாமற் போய்விட்டன. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் குடும்பங்கள் கருவியை எடுத்துச் செல்ல விரும்பினால், இரண்டாவது கருவி வந்த பிறகு செயலாளரிடம் பெயர் பதிந்துகொள்ளலாம்.